சூப்பர் ஹீரோ காமிக்ஸ்ல வில்லன் பகிடி விட்டா அவனில இருக்கிற பயம் குறைஞ்சிடாதா?

குறையாது எண்டுதான் சொல்லுவன். ஆனா அந்தப் பகிடி வில்லன்ர சொந்தப் பகிடியா இருக்கோணும், எழுதுறவர் அவனைக் கோமாளியாக்கிப்போட்டா சரி, ஆள் முடிஞ்சான்.

1940இல வந்த பேட்மேன் முதலாவது இதழை எடுங்கோ, பேட்மேன்ர எதிரி ஜோக்கர் முதன்முதலா வாறது அதிலதான். சனம் வீட்டில ரேடியோவில பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கேக்க இடையில ஒரு குரல் வந்து, இண்டைக்கு இரவு 12 மணிக்கு இன்ன பணக்காரன் சாவான், அவன்ர வைரத்தை நான் எடுப்பன் எண்டு சொல்லும். கேட்டவை சும்மா பகிடி எண்டு விட்டிடுவினம். பொலிஸ் அந்தாளைச் சுத்தி நிக்குது, 12 அடிக்குது, ஆள் விழுந்து சாகுது, முகம் மட்டும் பல்லெல்லாம் தெரியச் சிரிச்சபடி. ஜோக்கர் அந்த நேரம் அங்க வரவே இல்லை, முதல் நாள் இரவே நித்திரையில நஞ்சு ஏத்தி விட்டிட்டான்! வன்னியில கரண்ட் இல்லாத காலம் சைக்கிள் டைனமோவைச் சுத்திச் சுத்தி ரேடியோ கேட்ட ஆக்களுக்கு அந்தப் பக்கம் நல்லா விளங்கும், ரேடியோக் குரலை மறிச்சு ஆரும் கேள்வி கேக்கேலாது, வாறதை வாங்கத்தான் வேணும்.

பிறகு 1954இல அமெரிக்கப் பதிப்பாளர்களே காமிக்ஸில என்ன காட்டலாம், என்ன காட்டக்கூடாது எண்டு ஒரு கட்டுப்பாட்டு விதித்தொகுப்புப் போட்டினம், ஏற்கனவே மெதுமெதுவாப் பல்லுப் புடுங்கின பாம்பா மாறிக்கொண்டிருந்த ஜோக்கர் அதோட சில்லறைக் குழப்படிக்காரனாவே போயிட்டான். பகிடி கூடினது உண்மை, ஆனா அந்தப் பகிடியால ஒருத்தருக்கும் ஒண்டும் ஆகாது எண்டு தெரிஞ்ச பிறகு ஏன் பக்கத்தைப் புரட்டுவான்?

1973இல கதை எழுதின டென்னி ஓ'நீலும் படம் கீறின நீல் அடம்ஸும்தான் அவனைத் திருப்பிக் கொலைகாரனாக்கினவை. அந்தக் கதை முடியிற இடம் எனக்கு உயிர். கப்பல் எண்ணெய் ஊத்தின கடற்கரையில ஜோக்கர் ஓடேக்க வழுக்கி விழுந்து பிடிபடுவான், கதை முழுக்க இறுகின முகத்தோட திரிஞ்ச பேட்மேனுக்கே சிரிப்பு வந்திடும்.

ஸ்பைடர்மேன்ல (தமிழில லயன் காமிக்ஸ்ல வந்த கூர்மண்டை ஸ்பைடர் இல்லை, அவர் வேற ஆள்) இது தலைகீழ், பகிடியெல்லாம் ஹீரோட்ட, அடி வாங்கிற வில்லனுக்கு அதாலயே விசர் ஏறும். ஃபென்டாஸ்டிக் ஃபோர் கதைகளில வாற வில்லன் டாக்டர் டூம் பகிடி விடுற ஆளே இல்லை, தன்னைத் தானே பேர் சொல்லி டூம் இதைப் பொறுக்கமாட்டான் எண்டு கதைக்கிற ஆள், எங்களுக்குச் சிரிப்பு வரும், முன்னால நிக்கிறவனுக்கு வராது.

வாசிக்கிறதெண்டா 1940 கதையையும் 1973 கதையையும் அடுத்தடுத்து வாசியுங்கோ, இடையில உள்ளதுகளைப் பிறகு பாக்கலாம்.