வராமலே போன ஜாகுவார் கேம்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் அட்டாரி கம்பெனியின் ஜாகுவார் என்ற கன்சோல், அதாவது டிவியில் இணைத்து ஆடுகிற வீடியோ கேம் கருவி பற்றி நாலு வரிதான் எழுதினேன். 1993-ல் வந்து 1996-ல் மூச்சை விட்ட அந்தக் கன்சோலுக்கு அறிவிக்கப்பட்டு, வெளிவராமலே போன கேம்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகள் ஒரு கட்டு சேர்ந்துவிட்டன. அதனால் இந்த முறை முழுக்க ஜாகுவார்தான்.

அந்தப் பெயரையே இப்போதுதான் கேள்விப்படுகிறேன். அப்படி என்ன கன்சோல் அது, ஏன் தோற்றது? – கல்லூரி மாணவர், ஈரோடு

1993 நவம்பரில் முதலில் நியூயார்க், சான் பிரான்சிஸ்கோ வட்டாரங்களில் மட்டும் விற்பனைக்கு வந்தது. விலை 249.99 டாலர். சிப்களை வடிவமைத்தவர்கள் இங்கிலாந்துக்காரர்கள், கன்சோலைத் தயாரித்துக் கொடுத்தது அமெரிக்காவில் ஐபிஎம். '64 பிட்' என்பதுதான் விளம்பரத்தின் உயிர்நாடி. உள்ளே டாம், ஜெர்ரி என்று பெயர் வைத்த இரண்டு சிப்கள், கூடவே மோட்டோரோலா 68000 என்ற பழைய பிராசசர். சக்தியெல்லாம் டாம், ஜெர்ரியிடம் இருந்தது. ஆனால் அவற்றில் வன்பொருள் பிழைகளும் இருந்தன, அவற்றுக்கு எழுதக் கற்றுக்கொள்ளவே மாதக்கணக்கில் ஆனது. அதனால் பல டெவலப்பர்கள் தங்களுக்கு நன்றாகப் பழக்கமான 68000 தலையிலேயே முக்கால்வாசி வேலையை ஏற்றிவிட்டார்கள். விளைவு, 64 பிட் என்று சொன்ன கன்சோலில் ஓடிய கேம்கள் பல, பக்கத்து வீட்டு 16 பிட் கன்சோலில் பார்த்தது மாதிரியே இருந்தன. 1995-ல் சேகா சாட்டர்னும் சோனி பிளேஸ்டேஷனும் அமெரிக்காவுக்கு வந்தபோது கதை முடிந்துவிட்டது.

எத்தனை விற்றது என்று ஆளுக்கு ஒரு எண் சொல்வார்கள். அட்டாரியே அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையத்துக்குக் கொடுத்த ஆண்டறிக்கையைப் படியுங்கள்: 1995 முடிவு வரை விற்றது சுமார் 1,25,000, அப்போது கிடங்கில் தேங்கிக் கிடந்தது சுமார் 1,00,000. மறு ஆண்டே ஜேடிஎஸ் என்ற ஹார்ட் டிஸ்க் கம்பெனியோடு இணைந்து, அட்டாரி கன்சோல் வேலையை விட்டுவிட்டது. அந்த நேரத்தில் பாதியில் இருந்த கேம்கள் அத்தனையும் அப்படியே நின்றன. நான் தேடுவது அவற்றைத்தான்.

ரத்தான ஜாகுவார் கேம்கள் என்று ஒரு பெரிய பட்டியல் கிடைத்தது. வெளிவந்தவற்றைவிட வராதவை பல மடங்கு இருக்கும் போலிருக்கிறதே, எல்லாம் உண்மையா? – வாசகி, மதுரை

பெயர்கள் உண்மை. அவற்றில் எத்தனை கேமாக இருந்தன என்பது வேறு கேள்வி. இந்தத் தேடலில் இறங்குகிற எல்லோரும் முதலில் வழுக்கி விழுகிற இடம் இது, நானும் விழுந்து ஒரு வருடத்தைத் தொலைத்தேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அறிவித்தது, ஆரம்பித்தது, முடித்தது. இந்த மூன்றையும் தனித்தனி நோட்டில் எழுதுங்கள். அட்டாரி அந்தக் காலத்தில் 'எங்களோடு ஒப்பந்தம் போட்ட கம்பெனிகள்' என்று நீளமான பட்டியல்களை வெளியிட்டுக்கொண்டே இருந்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் ஒரு வரிகூட நிரல் எழுதியிருக்க வேண்டிய அவசியம் இல்லை. மோர்ட்டல் காம்பாட் 3 ஜாகுவாருக்கு வரும் என்று சொன்னார்கள், வரவில்லை. 1994-ல் சேகாவோடு காப்புரிமைத் தகராறு சமரசமானபோது, ஒருவருடைய கேம்களில் ஆண்டுக்கு ஐந்து வரை மற்றவர் எடுத்து வெளியிடலாம் என்றும் பேசிக்கொண்டார்கள். அந்த வழியில் ஒரு சேகா கேம்கூட ஜாகுவாருக்கு வந்து சேரவில்லை.

அதனால் ஒரு பெயர் கிடைத்தால் உடனே பட்டியலில் ஏற்றாதீர்கள். அந்தப் பெயர் முதன்முதலில் அச்சான இடம் எது என்று பின்னோக்கிப் போங்கள். ஒரு பத்திரிகை எழுதியதை அடுத்தது எடுத்துப் போட்டிருக்கும், அதை மூன்றாவது எடுத்திருக்கும். மூன்று சாட்சி போலத் தெரிவது தோண்டிப் பார்த்தால் ஒரே சாட்சி. அப்புறம், அட்டையில் மே மாதம் என்று இருந்தால் அந்தச் செய்தி எழுதப்பட்டது அதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பு என்பதையும் கணக்கில் வையுங்கள். படம் போட்டிருந்தால் நன்றாக உற்றுப் பாருங்கள். பல முறை அது கம்ப்யூட்டர் பதிப்பின் படமாகத்தான் இருக்கும், கீழே ஜாகுவார் என்று அச்சடித்திருப்பார்கள்.

பெயர் மாறிப்போவது இன்னொரு தொல்லை. ஃபியர் என்று ஒரு கேம். கனடாவின் எச்2ஓ என்டர்டெயின்மென்ட் ஜாகுவாருக்குச் செய்துகொண்டிருந்தது, 1995 குளிர்கால சிஇஎஸ் என்ற அமெரிக்க மின்னணுக் கண்காட்சியில் காட்டினார்கள், அங்கே பார்த்த நிண்டெண்டோவுக்குப் பிடித்துப்போய் உரிமையை வாங்கிக்கொண்டது. 1997-ல் அதுவே டெட்ரிஸ்ஃபியர் என்ற பெயரில் நிண்டெண்டோ 64-க்கு வந்தது. உங்கள் பட்டியலில் ஃபியர் 'ரத்து' என்று மட்டும் இருந்தால் பாதிக் கதை போய்விடுகிறது.

முடித்தும் வராதவையும் உண்டு. ஏலியன் வெர்சஸ் பிரிடேட்டர் செய்த அதே ரெபெல்லியன் கம்பெனியின் ஸ்கைஹாமர், கன்சோல் செத்த நேரத்தில் கையில் தயாராக இருந்தது, வெளியிட ஆள் இல்லை. சாங்பேர்ட் புரொடக்‌ஷன்ஸ் என்ற சிறிய நிறுவனம் முறைப்படி உரிமம் வாங்கி 2000-ல் கேட்ரிட்ஜாகவே, அதாவது கன்சோலில் செருகுகிற கேம் கூடாகவே போட்டது. ஒரு கேம் நான்கு வருடம் அலமாரியில் கிடந்து அப்புறம் ஆள் கைக்கு வருகிறது என்பது எனக்கு இன்றைக்கும் சிலிர்ப்பாகத்தான் இருக்கிறது.

சித்தப்பா சான் ஹோஸேயில் இருக்கிறார். அங்கே ஒரு பழைய சாமான் சந்தையில் லேபிள் இல்லாத ஜாகுவார் கேட்ரிட்ஜ் ஒன்றை வாங்கி அனுப்பினார். கன்சோலில் போட்டால் திரை சிவப்பாகி நின்றுவிடுகிறது. செத்துப்போனதா? – வாசகர், கோயம்புத்தூர்

தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள்!

ஜாகுவார் ஆன் ஆனதும் கேட்ரிட்ஜில் அட்டாரியின் ரகசியக் கையெழுத்து இருக்கிறதா என்று சோதிக்கும், இல்லையென்றால் சிவப்புத் திரை. கடைக்குப் போன கேட்ரிட்ஜ்களில் மட்டும்தான் அந்தக் கையெழுத்து போடப்பட்டிருக்கும். வேலை நடந்துகொண்டிருந்தபோது எடுத்த மாதிரிகளில் இருக்காது. டெவலப்பர்களுக்குக் கொடுத்த கன்சோல்களில் இந்தச் சோதனையைத் தாண்டிப் போகிற வேறு பூட் ரோம் (ஆன் ஆனதும் முதலில் ஓடுகிற நிரல் உள்ள சிப்) இருந்தது. ஆகவே உங்கள் சிவப்புத் திரைக்கு இரண்டு அர்த்தம் உண்டு: சிப் கெட்டிருக்கலாம், அல்லது உங்களிடம் இருப்பது யாரும் பார்க்காத ஒன்றாக இருக்கலாம். முதலில் தொடர்புமுனைகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டு இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். அப்போதும் சிவப்பு என்றால் கூட்டைத் திறக்க வேண்டியதுதான்.

உள்ளே பலகையில் நீளமான சிப்கள் இருந்து, ஒவ்வொன்றின் நடுவிலும் சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் கை அங்கேயே நிற்கட்டும். அது ஈப்ரோம், அழித்துத் திரும்ப எழுதக்கூடிய நினைவகச் சிப். ஸ்டிக்கருக்குக் கீழே வட்டமாக ஒரு கண்ணாடி ஜன்னல், அதன் வழியே உள்ளே பளபளக்கிற சில்லு தெரியும். அந்த ஜன்னலில் புற ஊதா ஒளி பட்டால் எழுதியிருப்பது அழியும். அதற்காகத்தான் ஸ்டிக்கர். பழைய பசை காய்ந்து ஓரம் கிளம்பியிருந்தால் மேலே ஒரு கறுப்பு டேப்பை ஒட்டுங்கள், அதைப் பிய்க்க வேண்டாம், ஏனென்றால் அதில் பேனாவால் எழுதியிருக்கிற இரண்டு எழுத்தும் ஒரு தேதியும்தான் அந்தக் கேமின் பிறப்புச் சான்றிதழ். படம் எடுங்கள், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து எடுங்கள்.

ஒரே கேம் இரண்டு அல்லது நான்கு சிப்களில் பிரிந்து கிடக்கும். கழற்றினால் எந்தச் சிப் எந்தக் குழியில் இருந்தது என்று குறித்து வைக்காவிட்டால், சிப்பில் உள்ளதைக் கம்ப்யூட்டருக்குப் படித்தெடுத்த பிறகு வரிசை தெரியாமல் திண்டாடுவீர்கள். ஈப்ரோம் படிக்கிற கருவி மின்னணுப் பழுதுபார்க்கும் சிலரிடம் இருக்கும். ஒவ்வொரு சிப்பையும் மூன்று முறையாவது படித்து, மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா பாருங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறாக வந்தால் எழுதியதைத் தாங்கி நிற்கிற மின்னூட்டம் கசிய ஆரம்பித்துவிட்டது என்று பொருள், நாள் கடத்தவே கூடாது.

நம்பிக்கைக்கு ஒன்று சொல்கிறேன். ரேமேன் கேமைப் படைத்த மிஷெல் ஆன்செல், 1992-ல் சூப்பர் நிண்டெண்டோவுக்குச் செய்யத் தொடங்கிக் கைவிட்ட பதிப்பின் சிப்களை 2016-ல் கண்டெடுத்தார். 24 வருடம் கழித்தும் அது ஓடியது. உங்களுடையதும் ஓடலாம். படித்தெடுத்ததும் எனக்கு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

ஜாகுவார் 'பொதுச் சொத்து' ஆகிவிட்டது என்கிறார்களே? அப்படியானால் கிடைக்கிற கேமையெல்லாம் எல்லோருக்கும் கொடுத்துவிடலாம் அல்லவா? – வாசகர், சேலம்

இரண்டு விஷயம் ஒன்றாகக் கலந்துவிட்டது. ஜேடிஎஸ்ஸிடமிருந்து அட்டாரி சொத்துகளை 1998-ல் ஹாஸ்ப்ரோ என்ற பொம்மைக் கம்பெனி வாங்கியது. 1999 மே 14 அன்று, ஜாகுவார் கன்சோல் மீதான உரிமைகளை விட்டுக்கொடுக்கிறோம், யார் வேண்டுமானாலும் அதற்குக் கேம் செய்யலாம் என்று அறிவித்தது. பெரிய மனது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அது கன்சோலைப் பற்றிய அறிவிப்பு. கேம்கள் அவரவர் சொத்து, இன்றைக்கும். ஸ்கைஹாமருக்கு உரிமம் வாங்கித்தானே வெளியிட்டார்கள்?

என் வழக்கம் இது: முதலில் படித்தெடுத்துப் பாதுகாப்பது, அதற்காக யாரிடமும் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை, சிப் நமக்காகக் காத்திருக்காது. வெளியே கொடுப்பதை உரிமையாளரைத் தேடிக் கேட்ட பிறகே செய்கிறேன். சம்மதம் கிடைக்காமல் என் அலமாரியில் பூட்டிக் கிடப்பதும் உண்டு. வருத்தம்தான், ஆனால் கேட்காமல் கொடுத்தால் அடுத்த டெவலப்பர் வாய் திறக்க மாட்டார்.

பழைய டெவலப்பர்களை எப்படி அணுகுவது? இரண்டு பேருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன், பதிலே இல்லை. – வாசகர், திருநெல்வேலி

நீங்கள் அனுப்பிய கடிதத்தின் நகலைப் பார்த்தேன், தம்பி. 'ரத்தான கேம்கள் பற்றி உங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லுங்கள்' என்று கேட்டிருக்கிறீர்கள். முப்பது வருடத்துக்கு முந்தைய வேலையைப் பற்றி முன்பின் தெரியாதவர் இப்படிக் கேட்டால் எங்கே ஆரம்பிப்பது? அவருடைய ஒரு கேமை எடுத்து, பத்திரிகையில் வந்த ஒரு படத்தை இணைத்து, இந்தக் காட்சி ஓடிக்கொண்டிருந்ததா, வரைந்து வைத்த படமா என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். படத்தைப் பார்த்ததும் மனிதர்களுக்கு ஞாபகம் பொங்கும். கேம் கைவசம் இருக்கிறதா என்று முதல் கடிதத்தில் கேட்கவே வேண்டாம்.

அவர்கள் தேதியைத் தவறாகச் சொல்வார்கள், அதைக் கடிதத்தில் திருத்தாதீர்கள், உங்கள் நோட்டில் திருத்திக்கொள்ளுங்கள். இன்னொன்று, சிலருக்கு அது ஆறாத காயம். இரண்டு வருட உழைப்பு ஒரே நாளில் நின்றுபோனது, சம்பளமும் சேர்ந்து நின்றது. பேச விருப்பமில்லை என்றால் நன்றி சொல்லி விட்டுவிடுங்கள்.

ஜாகுவாருக்கு விஆர் (தலையில் மாட்டுகிற மெய்நிகர்) கருவிகூட வந்ததா? – வாசகர், தஞ்சாவூர்

வரவிருந்தது. இங்கிலாந்தின் வர்ச்சுவாலிட்டி கம்பெனி செய்தது, 1995-ல் காட்டினார்கள், கடைக்கு வரவில்லை. ஆனால் மிசைல் கமாண்ட் 3டி கேமில் அதற்கான பகுதியை எழுதி வைத்துவிட்டார்கள், கேமும் கடைக்கு வந்துவிட்டது. வராத கருவிக்காகக் காத்திருக்கிற கேம்!

கன்சோலின் கூட்டை வார்க்கிற அச்சுகளைப் பல் டாக்டர் வாங்கிவிட்டாராமே? – அதே வாசகர்

டாக்டர் இல்லை, பல் மருத்துவக் கேமரா செய்கிற இமேஜின் சிஸ்டம்ஸ் என்ற கம்பெனி. ஜாகுவாரின் மேல்கூட்டையே தங்கள் கருவிக்கு வைத்துக்கொண்டார்கள். படம் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

இவ்வளவு தேடுகிறீர்களே, ஒன்றே ஒன்று கையில் கிடைக்கும் என்றால் எதைக் கேட்பீர்கள்? – வாசகி, புதுச்சேரி

இரண்டு வருடம் முன்பு கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன். அப்போது எனக்கு பேட்டில்ஸ்ஃபியர் பைத்தியம். விண்வெளிச் சண்டை கேம், பல கன்சோல்களைக் கம்பி போட்டு இணைத்து ஆடலாம். அட்டாரி போன பிறகும் செய்தவர்கள் விடவில்லை, 2000-ல் வெளியிட்டு, லாபத்தை நீரிழிவு ஆராய்ச்சிக்குக் கொடுத்தார்கள். அதை ஆடியும் ஆயிற்று.

இப்போது ஃபியர்தான். டெட்ரிஸ்ஃபியரை எத்தனை முறை வேண்டுமானாலும் ஆடலாம், எனக்கு வேண்டியது அந்தக் கண்காட்சிக் கூடத்தில் ஓடிய ஜாகுவார் வடிவம். கேமின் நடுவே சுற்றுகிற அந்த உருண்டை அங்கே எந்த நிறத்தில் இருந்தது, சுற்றும்போது தடுமாறியதா, என்ன சத்தம் போட்டது என்று தெரிந்துகொள்ள வேண்டும். 1995 முதல் பாதியில் வந்த அமெரிக்க, ஆங்கிலேய கேம் பத்திரிகைகள் யார் வீட்டிலாவது இருந்தால், முழுப் புத்தகம் வேண்டாம், சிஇஎஸ் பக்கங்களை மட்டும் ஸ்கேன் செய்து அனுப்புங்கள். ஓரத்தில் இருக்கிற பொடிப் படங்களையும் விட்டுவிடாதீர்கள்.