கோடை முடியும் மாதத்தில் பறவை பார்க்கப் போவது வீண் வேலையா?

கேள்வி கேட்டவர் புதிதாகக் கேமரா வாங்கியிருக்கிறார். வசந்தத்தில்தான் பறவைகள் பாடும், நிறம் கட்டும், கோடைக் கடைசியில் போனால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான் என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். இப்போதே போகலாமா, அடுத்த வசந்தம் வரை காத்திருக்கலாமா என்று கேட்கிறார்.

போங்கள். ஆனால் அழகான படம்தான் வேண்டும் என்று போனால் முதல் வாரத்திலேயே வெறுத்துவிடும். எனக்கு வெறுத்தது. ஓர் ஆகஸ்ட் முழுக்க (ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான வட அரைக்கோளத்துக் கோடையைச் சொல்கிறேன்) வாரத்துக்கு மூன்று காலை வீதம் ஒரே ஏரிக்கரைக்குப் போய்வந்தேன். முதல் மூன்று நாளும் காது அடைத்துக்கொண்டதுபோல அப்படி ஓர் அமைதி. மே மாதத்தில் அதே இடத்தில் பாட்டுச் சத்தத்தில் பேச முடியாது. இனப்பெருக்கம் முடிந்தபின் எல்லை காக்கவும் துணை தேடவும் பாட வேண்டிய அவசியம் இல்லை. போதாததற்கு அது இறகு உதிர்க்கும் காலம். வாலில்லாத குருவி, தலையில் முள் முள்ளாக இறகு முளைக்கும் மைனா என்று எல்லாம் பாதி உரித்த கோழி மாதிரிதான் திரிந்தன.

வாத்துகள் என்னை நன்றாகவே ஏமாற்றின. தண்ணீரில் முப்பது மல்லார்ட் வாத்துகள் இருந்தன, ஆணுக்குரிய பச்சைத் தலையோடு ஒன்றுகூட இல்லை. 'ஆண்கள் வேறெங்கோ போய்விட்டன' என்று குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். நான்காம் முறை போனபோதுதான் அலகைப் பார்த்தேன். பாதிக்கு மேற்பட்ட வாத்துகளுக்கு அலகு முழுக்க ஒரே மஞ்சள். பெட்டைக்கு ஆரஞ்சு நிறத்தில் கறுப்புத் திட்டு இருக்கும். ஆண்கள் எங்கேயும் போகவில்லை. பளபளப்பான இறகைக் கழற்றிவிட்டுப் பெட்டையைப் போல மங்கிய உடுப்பில் மிதந்துகொண்டிருந்தன. வாத்துகள் பறக்கும் இறகுகளை ஒரே நேரத்தில் உதிர்த்துவிடும். புதிது வளரும்வரை மூன்று நான்கு வாரம் பறக்கவே முடியாது. எதிரி வந்தால் எழும்பித் தப்பிக்க வழியில்லாத நாட்களில் பளிச்சென்று இருப்பது ஆபத்து. அதனால்தான் அந்த உடுப்பு. நமக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. ஆகஸ்டில் வாத்து பறக்காமல் நாணலுக்குள் நீந்திப் போனால், உங்களைக் கண்டு பயப்படவில்லை என்று நினைத்துக் கூடவே போகாதீர்கள். அதற்குப் பறக்க இறகு இல்லை, அவ்வளவுதான்.

அடுத்தது இளம் பறவைகளின் குழப்பம். பெற்றோரின் நிறம் வராத குஞ்சுகள்தான் எங்கு பார்த்தாலும். நாணல் ஓரத்தில் பழுப்பும் கோடுமாக ஒன்று அசையாமல் நின்றது. நாணற்குருகு என்று முடிவே கட்டிவிட்டேன். எளிதில் கண்ணில் படாத பறவை, கை நடுங்க நாற்பது படம். பல வருடம் பறவை பார்த்த ஒரு அண்ணனிடம் பெருமையாகக் காட்டினேன். "சிறகைப் பாருங்க தம்பி, பெரிய பெரிய வெள்ளைப் புள்ளி. குருகுக்கு ஏது புள்ளி? இது வக்காக் குஞ்சு" என்றார். வளர்ந்த வக்கா (இராக்கொக்கு) கறுப்பு முதுகும் சிவப்புக் கண்ணுமாக இருக்கும், இந்தக் குஞ்சோடு ஒட்டாது. அந்த நாற்பது படத்தையும் அழிக்கவில்லை. அதற்கப்புறம் எதையும் நிறத்தை மட்டும் வைத்துச் சொல்வதை விட்டுவிட்டேன். அலகின் நீளம், கால், நடை, இரை எடுக்கும் விதம், இவைதான் முதலில்.

சரி, எதற்காகப் போக வேண்டும்? சேற்றுக்காக. வெயிலில் ஏரி வற்றி ஓரத்தில் சேறு தெரிய ஆரம்பித்ததும், சேற்றில் இரை தேடும் கரைப்பறவைகளான உள்ளான்கள் வந்து இறங்கும். இவை குஞ்சு பொரிக்கும் தூர வடக்கே கோடை குறுகியது, முட்டையிட்டுக் குஞ்சு பொரித்ததும் தெற்கே கிளம்பிவிடும். நமக்குக் கோடை, அதற்கு வலசை தொடங்கிவிட்டது. பொரி உள்ளான், பச்சைக்காலி, கொசு உள்ளான் எல்லாம் மாதத் தொடக்கத்தில் வந்தவை. இறகின் ஓரம் தேய்ந்து, சாயம் போன துணி மாதிரி இருந்தன. எல்லாம் வளர்ந்தவை. மாதம் பாதி தாண்டியதும் வந்த கூட்டம் வேறு. ஒவ்வொரு இறகுக்கும் வெளிறிய மெல்லிய கரை கட்டி, முதுகு மீன் செதில் போல அவ்வளவு சுத்தம். இவை அந்த வருடக் குஞ்சுகள்.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பல உள்ளான் இனங்களில் பெற்றோர் முதலில் கிளம்பிவிடும், குஞ்சுகள் சில வாரம் கழித்துத் தாமாகவே வரும். கூட்டிக்கொண்டு போக ஆளில்லை. எந்தத் திசையில் போக வேண்டும் என்பது பிறவியிலேயே வந்துவிடுகிறது. சூரியனும் நட்சத்திரங்களும் பூமியின் காந்தப்புலமும் வழிகாட்டுகின்றன. 2022 அக்டோபரில், பிறந்து ஐந்து மாதமே ஆன ஒரு பட்டைவால் மூக்கன் (இதுவும் கரைப்பறவைதான்) அலாஸ்காவிலிருந்து கிளம்பி, எங்கேயும் இறங்காமல், 11 நாளில் 13,560 கிலோமீட்டர் பறந்து டாஸ்மேனியாவில் போய் இறங்கியது. அதன் உடலில் கட்டியிருந்த கருவி காட்டிய கணக்கு இது. நான் பார்த்த கொசு உள்ளான் உள்ளங்கையில் அடங்கும். அதுவும் அப்படி ஏதோ ஒரு கணக்கோடுதான் அந்தச் சேற்றைக் கொத்திக்கொண்டிருந்தது.

மனிதரையே பார்க்காத இடங்களில் பிறந்தவை என்பதால் இந்தக் குஞ்சுகளுக்குப் பயம் குறைவு. துரத்திப் போகாமல் சேற்று ஓரத்தில் குப்புறப் படுத்துவிடுங்கள், அதுவாக வரும். ஒன்று என் லென்ஸ் ஃபோகஸ் ஆகும் தூரத்தையும் தாண்டி உள்ளே வந்துவிட்டது. அசைந்தால் ஓடிவிடும், அசையாவிட்டால் படம் இல்லை. முழங்கையில் எறும்பு வேறு. இரை எடுப்பதை நிறுத்தித் தலையை நிமிர்த்தினால் நீங்கள் அதிகம் நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம், அப்படியே நின்றுவிடுங்கள்.

படம் பற்றிக் கேட்டதால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். ஆகஸ்டில் உங்கள் எதிரி கானல்தான். காலை ஒன்பதைத் தாண்டினால் சூடான தரைக்கு மேல் காற்று அலைபாயும், தூரத்துப் பறவை தண்ணீருக்குள் இருப்பதுபோல நெளியும். ஷட்டர் வேகத்தைக் கூட்டினாலும் முக்காலி வைத்தாலும் சரியாகாது, இன்னும் பெரிய லென்ஸ் வாங்கினாலும் கானலும் சேர்ந்துதான் பெரிதாகும். சூரியன் எழுந்த முதல் ஒன்றரை மணி நேரம், கிட்டத்தில் உள்ள பறவை, இது தவிர வேறு மருந்து இல்லை. இரண்டு வாரம் என் லென்ஸில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். காரில் ஏசியைப் போட்டுக்கொண்டு ஜன்னலை இறக்கிப் படமெடுத்திருக்கிறேன்! உள்ளேயிருந்த குளிர்காற்றும் வெளியே இருந்த சூடும் ஜன்னலில் கலந்து, லென்ஸுக்கு முன்னாலேயே கானல் உண்டாக்கிக்கொடுத்தது.

ஷட்டர் வேகம் பறக்கும் பறவைக்கு நொடியில் 2000-ல் ஒரு பங்கு, நிற்பதற்கு 500-ல் ஒரு பங்கு, ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன்) தானியங்கியில் விடுங்கள். கொக்கு மாதிரி வெள்ளைப் பறவை என்றால் வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள், இல்லாவிட்டால் இறகின் கோடுகளே தெரியாது.

ஒன்பதுக்கு மேல் தட்டான்கள் இருக்கின்றன. உச்சி வெயிலில் சில தட்டான்கள் வாலைச் சூரியனை நோக்கிச் செங்குத்தாகத் தூக்கித் தலைகீழாக நிற்பதுபோல நிற்கும். உடம்பில் வெயில் படும் பரப்பைக் குறைக்கத்தான். ஒன்றிரண்டு மீட்டர் தூரத்தில் எடுத்தால் கானல் தொல்லையும் இல்லை. அந்த மாதத்தில் எனக்குத் தேறிய நல்ல படங்களில் பாதி இவைதான் என்று சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

அப்புறம், பச்சைத் தலை ஆண் வாத்துக்காக வசந்தம் வரை காத்திருக்கவும் தேவையில்லை. அக்டோபர் வாக்கில் பெரும்பாலானவை மறுபடி நிறம் கட்டிவிடும். அதற்குள் அலகை வைத்து அடையாளம் காணப் பழகிக்கொள்ளுங்கள்.