பதினாலு வயசுப் பூனைக்குக் கத்தி வைக்கலாமா? – கேள்வி பதில்

கிழட்டுப் பூனையும் சத்திரசிகிச்சையும்: இன்றைக்கு இவ்வளவுதான். நாய், ஆடு, கோழி எல்லாம் இன்னொரு நாள். கேட்பவர்கள் பூனையின் வயது, எடை, கடைசி இரத்த அறிக்கை மூன்றையும் எழுதுங்கள். வெறுமனே "தாங்குமா?" என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

ஹட்டன்: டொக்டர், எங்க பூனை பெட்டை, 14 வயசு, 3.4 கிலோ. கருத்தடை ஒப்பரேஷன் செய்யல, குட்டி போடாம இருக்க ஊசிதான் போட்டு வந்தோம். வயித்துல முலைக்காம்பு பக்கத்துல கொண்டைக்கடலை அளவு கட்டி. ஒரு பக்கம் முழுசா எடுக்கணும்னு சொல்றாங்க. லயத்துல எல்லாரும் "கிழட்டுப் பூனைய ஏன் அறுக்கணும்"ங்கறாங்க. கிரியேட்டினின் 1.9.

நல்ல கேள்வி. மூன்றும் எழுதியதற்கு நன்றி.

பூனையின் முலைக்கட்டி நாயினுடையதைப் போல அல்ல. பத்தில் எட்டு, ஒன்பது புற்றுநோயாகவே இருக்கும். அளவுதான் ஆயுளைச் சொல்லும். அடிமட்டத்தை வைத்து அளந்து பாருங்கள். 2 சென்ரிமீற்றருக்குக் குறைவாக இருக்கும்போது எடுத்த பூனைகளில் பல மூன்று வருடத்துக்கு மேல் வாழ்கின்றன. 3 சென்ரிமீற்றரைத் தாண்டிய பிறகு எடுத்தால் பெரும்பாலும் ஒரு வருடம் கூடக் கிடைப்பதில்லை. கொண்டைக்கடலை அளவு என்றால் நேரம் இன்னும் உங்கள் பக்கம் இருக்கிறது. "பொறுத்துப் பார்ப்போம்" என்பதும் ஒரு முடிவுதான், அதற்கும் விலை உண்டு.

கட்டியை மட்டும் தோண்டி எடுத்தால் போதாதா என்று அடுத்து கேட்பீர்கள். போதாது. பூனைக்கு நான்கு சோடி முலைகள். ஒரே பக்கத்து முலைகளை நிணநீர்க் குழாய்கள் இணைக்கின்றன, புற்றுநோய் அவற்றின் வழியே பரவும். அதனால்தான் ஒரு பக்கம் முழுவதும் எடுக்கச் சொல்கிறார்கள். இரண்டு பக்கமும் எடுக்க வேண்டி வந்தால் ஒரே நாளில் வேண்டாம். முதல் பக்கம் ஆறித் தோல் தளர்ந்த பிறகு, சில வாரங்கள் கழித்து மற்றது.

அதற்கு முன் நெஞ்சு எக்ஸ்ரே, இரண்டு பக்கமாகவும் மல்லாக்கவும் மூன்று படம். நுரையீரலில் ஏற்கெனவே முடிச்சுகள் இருந்தால் கத்தி வைப்பதில் அர்த்தமில்லை. எடுத்த கட்டியைக் குப்பையில் போடாமல் ஆய்வுகூடத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். அந்தக் கருத்தடை ஊசியை இன்றோடு நிறுத்துங்கள். முலைப் புற்றுநோய் வாய்ப்பை அது ஏறத்தாழ மூன்று மடங்காக்கும்.

கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் கழிக்க வேண்டிய ஒரு கழிவு இரத்தத்தில் எவ்வளவு என்று காட்டும் எண் (mg/dL). 1.9 பயப்படும் எண் அல்ல. 1.6க்குக் கீழே நல்லது. 1.6 முதல் 2.8 வரை சிறுநீரக நோயின் இரண்டாம் கட்டம், சேலைன் ஓடிக்கொண்டிருக்க மயக்கம் கொடுக்கலாம். 2.9க்கு மேல் நன்றாக யோசிக்க வேண்டும். 5ஐத் தாண்டினால் உயிர் போகும் அவசரத்துக்கு மட்டும். அறிக்கை மைக்ரோமோல் அலகில் வந்தால் இதே எல்லைகள் 140, 250, 440. ஆனால் கிரியேட்டினின் பிந்தித்தான் பேசும்: சிறுநீரகத்தின் முக்கால் பங்கு போன பிறகே அது ஏறும். சிறுநீரின் அடர்த்தி எண் அதற்கு முன்பே காட்டிக்கொடுக்கும். 1.035க்கு மேல் இருந்தால் நிம்மதி. இவற்றோடு தைரொயிட் ஹோர்மோன் (டீ4), இரத்த அழுத்தம், இதயம் மூன்றையும் பார்க்க வேண்டும்.

இதயத்தை வீட்டிலும் பார்க்கலாம். ஆழ்ந்து தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். 30க்குள் இருக்க வேண்டும். மூன்று இரவு எண்ணி எழுதிக்கொண்டு போங்கள். டொக்டரின் ஸ்டெதஸ்கோப்பில் இரைச்சல் கேட்கவில்லை என்பதால் இதயம் சரி என்று ஆகாது. இதயத் தசை தடித்த பூனைகள் பலவற்றில் இரைச்சலே இருக்காது.

லயத்தில் உள்ளவர்களுக்குச் சொல்ல ஒரு கணக்கு. 2002–2004இல் பிரிட்டனில் எடுத்த பெரிய கணக்கெடுப்பில், ஆரோக்கியமான பூனைகளில் மயக்கத்தால் இறந்தது ஏறத்தாழ 900க்கு ஒன்று, நோயுற்றவற்றில் 70க்கு ஒன்று. 12 வயதுக்கு மேல் ஆபத்து ஏறத்தாழ இரு மடங்கு. வயது கூட்டுகிறது, உண்மை. நோய் அதைவிடப் பல மடங்கு கூட்டுகிறது.

மஸ்கெலியா: 12 வயசு. தாங்குமா டொக்டர்?

எதை?

நுவரெலியா: ஒப்பரேஷன் முடிஞ்சு அன்னைக்கே வீட்டுக்குக் கொண்டு வரலாமா அக்கா? கிளினிக்குல ராத்திரி ஆள் இல்லையாம். 13 வயசு, 4.1 கிலோ, ரிப்போட் எல்லாம் நோர்மல்.

எல்லோரும் மேசையில் நடப்பதற்குத்தான் பயப்படுகிறார்கள். மேலே சொன்ன கணக்கெடுப்பில் இறந்த பூனைகளில் பத்தில் ஆறு, மேசையை விட்டு இறங்கிய பிறகே இறந்தன. அதிலும் பெரும்பாலானவை முதல் மூன்று மணி நேரத்தில். அந்த மூன்று மணி நேரம் உங்கள் பூனை எங்கே இருக்கும், யார் பக்கத்தில் இருப்பார் என்று முதலில் கேளுங்கள்.

உங்கள் ஊர் 1868 மீற்றர் உயரம். தை மாத இரவில் கதவிடுக்கால் வரும் குளிரே போதும். மயக்கத்தில் உடல் தன் சூட்டைத் தானே காக்காது. வயிற்று மயிர் மழித்து, ஸ்பிரிட் தடவி, வயிற்றைத் திறந்தும் வைத்தால் அரை மணி நேரத்தில் இரண்டு பாகை இறங்கலாம். உடல் குளிர்ந்தால் ஈரல் மருந்தைக் கழிக்கத் தாமதிக்கும், இதயம் மந்தமாகும், இரத்தம் உறைவது குறையும், தெளிவது இன்னும் பிந்தும். பிந்தப் பிந்த இன்னும் குளிரும்.

ஆகவே: குத வெப்பமானி 37.5க்கு மேல் காட்டி, பூனை தானாக எழுந்து நின்று, தலையைத் தூக்கிப் பார்க்கும் வரை கிளினிக்கை விட்டு இறங்காதீர்கள். காலை முதல் ஆளாக நேரம் கேளுங்கள், அப்போது மாலைக்குள் இது நடக்கும். வரும் வழியில் கூடையில் கம்பளி, துவாய் சுற்றிய வெந்நீர்ப் போத்தல் ஒன்று, ஒரு பக்கம் மட்டும். பூனை வேண்டாமென்றால் விலக இடம் இருக்க வேண்டும். வெறும் போத்தலை உடம்போடு ஒட்டி வைக்காதீர்கள், அடுப்பங்கரையில் கிடத்தாதீர்கள். அரை மயக்கத்தில் சுடுவது அதற்குத் தெரியாது, தெரிந்தாலும் நகர முடியாது. தோல் வெந்தது மூன்று நான்கு நாள் கழித்துத்தான் வெளியே தெரியும்.

வலிக்கு அவர்கள் தரும் மருந்து மட்டும். பனடோல் (பரசிட்டமோல்) கூடாது. 10 கிலோ இருந்தாலும் கூடாது, கால் வில்லையும் கூடாது.

தலவாக்கலை: முதல் நாள் பகல்லயிருந்தே சாப்பாடு நிறுத்தச் சொல்றாங்க வீட்டுல. சரியா?

இல்லை. கிழட்டுப் பூனைக்கு நீண்ட பட்டினி கெடுதல். பொதுவாக 6 மணி நேரம் போதும், உங்கள் டொக்டர் சொல்லும் நேரத்தைப் பின்பற்றுங்கள். தண்ணீரை எடுக்க வேண்டாம். நீரிழிவு இருந்தால் இன்சுலின் எவ்வளவு என்று முன்கூட்டியே கேளுங்கள்.

பண்டாரவளை: வெள்ளைப் பூனை, 11 வயசு, 3.8 கிலோ. காது நுனியில ஆறாத பொருக்கு, ஆறு மாசமா வர்றதும் போறதும். ரத்தம் இன்னும் எடுக்கல. காதை வெட்டணுமாம். பயமா இருக்கு.

இதில்தான் பயம் குறைய வேண்டும். மலையில் குளிர் என்பதால் வெயில் சுடாது என்று நினைக்கிறோம். ஆயிரம் மீற்றர் ஏறினால் புற ஊதாக்கதிர் ஏறத்தாழ பத்து வீதம் கூடும். வெள்ளைக் காதில் மயிரும் குறைவு, நிறமியும் இல்லை. ஆறாத பொருக்கு பெரும்பாலும் செதிற்கலப் புற்றுநோய் என்ற தோல் புற்றுநோயின் தொடக்கம். காது மடலில் மட்டும் இருக்கும்போது நல்ல ஓரம் விட்டு வெட்டினால் பெரும்பாலும் அதோடு முடிந்தது. சிறிய வேலை, குறைந்த நேர மயக்கம். இரத்தம் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். காது போனால் அழகு போகும், கேட்கும் சக்தி போகாது. மூக்கு நுனியையும் பார்த்து வையுங்கள்.

கம்பளை: டொக்டர், தெரியாமத்தான் கேக்குறேன். இங்க ஊசி மயக்கத்துலயே வருசக்கணக்கா எல்லாம் செய்றாங்க. கேஸ் மயக்கம்ங்கறது காசு புடுங்குற வேலைதானே?

பதுளை: கேஸ் இல்லாத இடத்துல கிழட்டுப் பூனைய மேசையில போடுறதே கொலை. பேராதனை மிருக ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க.

கம்பளை: எல்லாராலயும் பேராதனைக்குப் போக முடியுமா? வேன் வாடகை நீங்க தருவீங்களா?

பதுளை: உயிரவிட வேன் வாடகை பெரிசா?

இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். மற்றக் கேள்விகள் காத்திருக்கட்டும், இது முக்கியம்.

கம்பளைக்காரர் சொல்வதில் பாதி சரி. இளம் பூனைக்குப் பத்து நிமிடக் கருத்தடைக்கு ஊசி மயக்கம் போதும். கிழட்டுப் பூனையில் கணக்கு மாறுகிறது. ஊசி மயக்க மருந்தான கெட்டமைன் பூனையின் உடம்பிலிருந்து பெருமளவு சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது. சிறுநீரகம் தளர்ந்திருந்தால் மருந்து உள்ளேயே தங்கும், மாற்று மருந்தும் கிடையாது. தசை தடித்த இதயத்தை அது வேகமாக ஓட வைக்கும், அந்த இதயத்துக்கு நிரம்பவே நேரம் போதாது. அதோடு சேர்த்துப் போடும் சைலசீன் அதற்கு எதிர்ப்பக்கம் இழுக்கும், இதயத்தை மந்தமாக்கும். ஐசோஃபுளூரேன் கேஸ் நுரையீரலால் போய் நுரையீரலாலேயே வருகிறது. குமிழைத் திருகினால் குறையும். பெரிய நன்மை அதுதான்.

பதுளைக்காரரே, கேஸ் இருந்தால் காப்பாற்றும் என்பது தவறு. அதே கேஸ் இரத்த அழுத்தத்தை இறக்கும். மேல் அழுத்தம் (சிஸ்டொலிக்) 90க்குக் கீழே நீண்ட நேரம் கிடந்தால் சிறுநீரகம் அடிபடும். இரண்டு கிழமை கழித்துப் பூனை சாப்பிடாமல் படுக்கும்போது "ஒப்பரேஷன் நல்லாத்தான் நடந்திச்சு" என்று சொல்வோம். மூச்சுக்குழாயில் போடும் குழாயின் பலூனை அதிகம் ஊதினால் பூனையின் மூச்சுக்குழாய் கிழியும்.

நான் இயந்திரத்தைக் கேட்க மாட்டேன், ஆளைக் கேட்பேன். வெட்டுகிற டொக்டரைத் தவிர இன்னொருவர் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நாடி, மூச்சு, ஈறின் நிறம், வெப்பம் பார்த்துத் தாளில் குறிக்கிறாரா? ஒட்சிசன் இருக்கிறதா? மருந்து ஏற்ற நரம்பில் போட்ட ஊசி வழி திறந்தே இருக்கிறதா? இந்த மூன்றும் உள்ள ஊசி மயக்கம், இவை இல்லாத கேஸைவிட நல்லது.

பதுளை: அப்ப பேராதனை வேணாங்கறீங்களா?

அப்படிச் சொல்லவில்லை. இதயத்தில் கோளாறு, கிரியேட்டினின் 2.9க்கு மேல், வயிற்றுக்குள் கட்டி: இந்த மூன்றுக்கும் பேராதனைப் பல்கலைக்கழகப் போதனா மிருக வைத்தியசாலைக்குப் போவது நல்லது. நுவரெலியாப் பக்கமிருந்து றம்பொடை, புசல்லாவை வளைவுகளில் பூனை வாந்தி எடுக்கும், பயத்தில் இதயத்துடிப்பும் ஏறும். கூடையைத் துணியால் மூடுங்கள். பயணத்துக்கு இரண்டு மணி நேரம் முன் கொடுக்க பயம் தணிக்கும் கபாபென்டின் மருந்து எழுதித் தருவார்களா என்று கேளுங்கள். காது வெட்டுவதற்கு அவ்வளவு தூரம் தேவையில்லை.

கம்பளை: நான் சொன்னதுதான்.

பாதி.

வெலிமடை: 13 வயசு, 3 கிலோ, கிரியேட்டினின் 1.4. வாய் நாத்தம், ஒரு பக்கமாவே மெல்லுது. ஆறு பல் புடுங்கணுமாம். பல்லுக்காக மயக்கமா?

பல்லுக்காகத்தான். பூனைப் பல் ஈறுக்குக் கீழே உள்ளிருந்தே அரிக்கும், அந்த வலியை அது காட்டாது. எடுத்த பிறகு எடை ஏறும். பல்லே இல்லாத பூனையும் பிசைந்த சோறும் மீனும் நன்றாகச் சாப்பிடும். ஒரு எச்சரிக்கை: வாயைத் திறந்து பிடிக்க ஸ்பிரிங் கவ்வி போட்டால், அகலத் திறந்த தாடை மூளைக்கும் கண்ணுக்கும் போகும் இரத்தக் குழாயை நசுக்கும். பூனை கண் தெரியாமல் எழுந்த சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. "ஸ்பிரிங் போடாதீங்க" என்று வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

ஹப்புத்தளை: 15 வயசு, தாங்குமா?

பசறை: எங்களோடது 16. தாங்குமா அக்கா?

முதல் பத்தியைப் படியுங்கள். அதுவரை செய்ய ஒரு வேலை தருகிறேன்: மாதத்துக்கு ஒரு முறை நிறுங்கள். கொழுந்துத் தராசு உதவாது, 50 கிராம் காட்டும் கடைத் தராசு வேண்டும். 4 கிலோப் பூனை 400 கிராம் இழப்பது, 60 கிலோ ஆள் 6 கிலோ இழப்பது போல.

பொகவந்தலாவை: ஒரு மூக்குல மட்டும் ரத்தம், ஒரு வாரமா. 12 வயசு. மூக்குக்குள்ள புத்துநோய், ஸ்கேன் எடுக்கணும்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க.

ஸ்கேனுக்கு முன் அட்டை. ஓடைத் தண்ணீர் குடிக்கும் பூனை என்றால் மூக்குக்குள் அட்டை இருக்கலாம். மிருக வைத்தியர் விளக்குப் பிடித்துப் பார்த்துக் கவ்வியால் எடுப்பார். உப்பு, தேசிக்காய், சுண்ணாம்பு எதையும் மூக்கில் விடாதீர்கள். அட்டை இல்லையென்றால் திரும்பி வந்து கேளுங்கள்.

லிந்துலை: கடுவன், 10 வயசு. நேத்துலயிருந்து மண்ணுல குந்திக் குந்தி எழும்புது, மூத்திரம் வரல. மலச்சிக்கலா?

இதை வாசித்துக்கொண்டிருக்காதீர்கள். மூத்திரக் குழாய் அடைத்திருக்கிறது. இப்போதே கொண்டு போங்கள். நாளை என்றால் பிந்திவிடும்.

கொட்டகலை: 15 வயசு, நல்லா சாப்பிடுது ஆனா மெலியுது, 2.9 கிலோ. தைரொயிட் கூடியிருக்கு. கழுத்துக் கட்டிய எடுத்திரலாமா?

முதலில் மாத்திரை. தைரொயிட்டை இறக்கும் கார்பிமசோல் மனிதர்களின் பாமசியிலேயே இருக்கிறது, அளவு மட்டும் மிருக வைத்தியர் சொல்ல வேண்டும். சில வாரத்தில் இரத்தத்தைத் திரும்பப் பாருங்கள். தைரொயிட் இறங்கும்போது அதுவரை மறைந்திருந்த சிறுநீரக நோய் வெளியே வரலாம். தைரொயிட் கட்டுக்குள் வராமல் எந்தக் கத்தியும் வேண்டாம்.

ராகலை: ஒப்பரேஷன் முடிஞ்சு இரண்டு நாளா சாப்பிடல. கொழுத்த பூனை, 6 கிலோ. வலி போல இருக்கு, பனடோல் சிரப் கொஞ்சம்…

பனடோல் இல்லை! சிரப்பும் பனடோல்தான். பூனையின் ஈரலால் அதைக் கழிக்க முடியாது. இரத்தம் ஒட்சிசனை ஏந்த முடியாமல் ஈறு கபில நிறமாகும், முகம் வீங்கும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று எழுதிக்கொண்டு இப்போதே ஓடுங்கள்.

கொடுக்கவில்லையென்றாலும் இன்றே காட்டுங்கள். கொழுத்த பூனை மூன்று நாள் பட்டினி கிடந்தால் கொழுப்பு ஈரலில் படியத் தொடங்கும். நெத்தலியை வெந்நீரில் போட்டுச் சூடாக வாசம் காட்டிப் பாருங்கள். வாயில் திணிக்காதீர்கள். தேவைப்பட்டால் கழுத்து வழியாக உணவுக் குழாய் போடுவார்கள். பார்க்கக் கோரமாக இருக்கும், ஆனால் உயிர் காக்கும்.

டிக்கோயா: 17 வயசு, 2.3 கிலோ, கிரியேட்டினின் 5.6. வயித்துக்குள்ள பெரிய கட்டி. கொழும்புல இருக்குற மகன் எவ்வளவு செலவானாலும் ஒப்பரேஷன் செய்யச் சொல்றான். என்ன செய்றது டொக்டர்?

செய்ய வேண்டாம். இந்த எண்ணோடு மேசையில் ஏற்றினால் எழுந்தாலும் மிச்ச நாள் கூண்டிலும் சேலைனிலும் போகும். மகனிடம் "வயசாச்சு" என்று சொல்லாதீர்கள், அவர் ஏற்க மாட்டார். கிரியேட்டினின் எண்ணைச் சொல்லுங்கள். வலிக்கும் வாந்திக்கும் மருந்து, தோலுக்கடியில் சேலைன், சூடான படுக்கை, இவை போதும். சாப்பிடுகிறதா, தன்னை நக்கிச் சுத்தம் செய்கிறதா, ஆள் வந்தால் தலை தூக்குகிறதா என்று தினமும் நாட்காட்டியில் குறித்து வாருங்கள். கெட்ட நாட்கள் நல்ல நாட்களை மிஞ்சும்போது, கருணை ஊசி பற்றி மிருக வைத்தியரிடம் கேட்கலாம். பாவம் என்று நினைத்து ஊசியைத் தவிர்ப்பவர்களும் வலி மருந்தை நிறுத்தாதீர்கள்.

ஊசி என்று முடிவானால், முதலில் தூங்க வைக்கும் மருந்து, அது தூங்கிய பிறகே மற்றது என்று கேளுங்கள். கண் திறந்தே இருக்கும், அதற்குப் பயப்படாதீர்கள். புதைக்கும்போது மூன்று அடிக்குக் குறையாமல் தோண்டி, ஓடைக்கும் பீலிக்கும் தள்ளி, மேலே கல் அடுக்குங்கள். அந்த மருந்து உடம்பிலேயே இருக்கும். காட்டுப் பன்றியோ லயத்து நாயோ தோண்டித் தின்றால் அதுவும் விழும்.