துக்க வீட்டில் பேசப்படும் ஞானம்

மதிப்புக்குரிய ஐயா,

பிள்ளைகளையும் சொத்தையும் ஒருசேர இழந்த, வேதாகமத்தில் வரும் நீதிமான் யோபுவைப் பற்றி நீங்கள் எழுதிவரும் தொடரை வாசித்துவருகிறேன். சில மாதங்களுக்கு முன் என் கணவர் மாரடைப்பில் இறந்துவிட்டார். பத்து வயதில் எங்களுக்கு ஒரு மகன் இருக்கிறான். அடக்கம் முடிந்து, வீட்டு ஜெபத்துக்கு வந்த சபை மூப்பர் ஒருவர், "கர்த்தர் காரணமில்லாமல் எதையும் செய்யமாட்டார். உங்கள் குடும்பத்தில் சரிசெய்ய வேண்டியது ஏதோ இருந்திருக்கிறது" என்றார். "ஏன் எங்களுக்கு?" என்று நான் அழுதபோது, "'என் நினைவுகள் உங்கள் நினைவுகள் அல்ல' என்று வசனம் சொல்கிறது. மனுஷ ஞானத்தை வைத்துக்கொண்டு தேவனைக் கேள்வி கேட்கலாமா?" என்று கண்டித்தார். மனித அறிவுக்கு எல்லை உண்டு, தேவன் இறையாண்மை உள்ளவர் என்றுதானே நீங்களும் எழுதுகிறீர்கள். அப்படியானால் நான் கேட்டது பாவமா? யோபுவுக்குக் கடைசியில் எல்லாம் இரட்டிப்பாகக் கிடைத்தது என்கிறார்கள். செத்துப்போன அந்தப் பத்துப் பிள்ளைகளுக்கு என்ன பதில்?

ஒரு வாசகி,
பாளையங்கோட்டை

அன்புள்ள சகோதரி,

நீங்கள் கேட்டது பாவம் அல்ல. மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

உங்கள் மூப்பர் ஒரே நாளில் இரண்டு காரியங்களைச் சொல்லியிருக்கிறார். சாவுக்குக் காரணம் உங்கள் குடும்பத்தில் இருக்கிறது என்பது ஒன்று. தேவனுடைய நினைவுகள் மனிதருக்கு எட்டாதவை என்பது மற்றொன்று. இரண்டாவது உண்மையென்றால் முதலாவதைச் சொல்ல அவருக்கு வாயே எழுந்திருக்கக் கூடாது. மனித ஞானத்தின் எல்லையை அழுகிறவருக்கு மட்டும் போட்டுவிட்டு, விளக்கம் சொல்கிற தான் அந்த எல்லைக்கு வெளியே நின்றுகொண்டார். யோபுவின் புத்தகம் எழுதப்பட்டதே இந்த அநியாயத்துக்கு எதிராகத்தான் என்று நான் நம்புகிறேன்.

யோபுவின் நண்பர்களான எலிப்பாசும் பில்தாத்தும் சோப்பாரும் கெட்டவர்கள் அல்ல. நண்பனைத் தேடித் தூரத்திலிருந்து வந்தார்கள், உரத்த சத்தமாய் அழுதார்கள், ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தை பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் புத்தகத்தில் அவர்கள் செய்த மிகச் சிறந்த காரியம் அதுதான். பிறகு யோபு வாய் திறந்து தான் பிறந்த நாளைச் சபித்ததும் அவர்களால் பொறுக்க முடியவில்லை. பிள்ளைகளைப் புதைத்த ஒரு தகப்பனைப் பார்த்து, உன் பிள்ளைகள் பாவம் செய்ததனால்தான் அழிந்திருப்பார்கள் என்ற தொனியில் பில்தாத் பேசுகிறான், எட்டாம் அதிகாரத்தில். அவர்கள் பேச்சில் பக்திக்குக் குறைவே இல்லை. தனியாக எடுத்துப் பிரசங்கித்தால் ஆமென் சொல்லத் தோன்றும் வசனங்கள் நிறைய உண்டு. யோபு அவர்களுக்கு வைத்த பெயர், "அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்".

கர்த்தர் கடைசியில் பெருங்காற்றிலிருந்து பேசுகிறார். "நான் பூமியை அஸ்திபாரப்படுத்துகிறபோது நீ எங்கேயிருந்தாய்?" இந்தக் கேள்வியை யோபுவின் வாயை அடைக்கும் அதட்டலாகவே பலர் பிரசங்கிக்கிறார்கள். கடிந்துகொள்ளுதல் அதில் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் தொடர்ந்து வாசித்துப் பாருங்கள். மனிதர் யாரும் குடியில்லாத வனாந்தரத்தில் மழை பெய்யப்பண்ணுகிறவர் யார் என்று கேட்கிறார். வரையாடுகள் ஈனும் காலத்தை நீ அறிவாயோ என்கிறார். அந்த மழையால் எந்த விவசாயிக்கும் லாபமில்லை. அந்த ஆட்டுக்குட்டி பிறந்ததைப் பார்க்க ஒரு மேய்ப்பனும் இல்லை. நம் புண்ணியக் கணக்குக்கும் பாவக் கணக்குக்கும் சம்பந்தமே இல்லாமல் அவருடைய பராமரிப்பு நடந்துகொண்டிருக்கிறது. 'நல்லவனுக்கு நன்மை, கெட்டவனுக்குத் தீமை, ஆகவே விழுந்தவன் கெட்டவன்' என்ற நண்பர்களின் வாய்ப்பாட்டில் அந்த மழைக்கு எங்கே இடம்?

இன்னொன்றையும் கவனியுங்கள். யோபுவின் பக்தி லாபத்துக்காகத்தான் என்று சாத்தான் வந்து தேவனிடம் சவால் விட்டது முதல் இரண்டு அதிகாரங்களில் வருவதால் நமக்குத் தெரியும். யோபுவுக்கு அது கடைசிவரை சொல்லப்படவில்லை. தேவன் தாமே இறங்கிவந்து நான்கு அதிகாரம் பேசியும் 'இதனால்தான் உன் பிள்ளைகள் செத்தார்கள்' என்று ஒரு வார்த்தை இல்லை. தேவன் சொல்லாமல் விட்டதை உங்கள் வீட்டுக் கூடத்தில் ஒருவர் சொல்லத் துணிந்ததுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இதைத் தேசமளவிலும் நாம் செய்திருக்கிறோம். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணியில் கடல் ஏறி வந்தபோது ஆலயத்துக்குள் இருந்தவர்கள் தப்பினார்கள். கடற்கரையிலும் கடைத்தெருவிலும் நின்ற யாத்ரிகர்கள் நூற்றுக்கணக்கில் மாண்டார்கள். தப்பியவர்கள் ஸ்தோத்திரம் செலுத்தியது நியாயம். செத்தவர்களுக்குக் காரணம் கற்பித்தவர்களுக்கு அந்த நியாயம் கிடையாது. எருசலேமின் சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்ததைப் பற்றி, அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களோ என்று இயேசு கேட்டார். "அப்படியல்ல" என்று அவரே பதிலும் சொன்னார். மனந்திரும்புங்கள் என்ற எச்சரிப்பை உயிரோடு நின்று கேட்டவர்களுக்குச் சொன்னாரே தவிர, இறந்தவர்கள் தலையில் எதையும் ஏற்றவில்லை.

உங்களைக் கண்டிக்க எடுத்த வசனம் ஏசாயா 55:8. அதற்கு முந்தின வசனத்தை அவர் வாசித்திருக்கலாம். "அவர் மன்னிக்கிறதற்குத் தயை பெருத்திருக்கிறார்" என்று அது முடிகிறது. உடனே அடுத்ததாக வருவதுதான் 'என் நினைவுகள் உங்கள் நினைவுகள் அல்ல'. நம் கணக்குக்கு எட்டாத அளவு பெரிதென்று தீர்க்கதரிசி அங்கே சொல்வது தேவனுடைய இரக்கத்தை. விதவையை அதட்டுவதற்கு அந்த வசனம் அங்கே வைக்கப்படவில்லை.

பிள்ளைகளைப் பற்றிக் கேட்டீர்கள். ஆடுகள் ஏழாயிரம் பதினாலாயிரமாயின, ஒட்டகங்கள் மூவாயிரம் ஆறாயிரமாயின. பிள்ளைகள் மட்டும் முன்போலவே ஏழு குமாரர், மூன்று குமாரத்திகள். முந்தின பத்துப் பேரும் தேவனிடத்தில் உயிரோடிருப்பதால் இருபதாகக் கணக்கு சரியாகிறது என்று பழைய விளக்கம் ஒன்று உண்டு. அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் வேதம் அப்படிச் சொல்லவில்லை, நானும் அதை உங்களுக்கு ஆறுதலாக எடுத்து நீட்டமாட்டேன். பிறந்த பிள்ளை இறந்த பிள்ளைக்கு ஈடாகாது. யோபுவின் மனைவிக்கு அது தெரிந்திருக்கும். "தேவனைத் தூஷித்து ஜீவனை விடும்" என்று சொன்னதற்காக எத்தனையோ பிரசங்கங்களில் திட்டு வாங்கியவள் அவள். அந்தப் பத்துப் பேரையும் பெற்றவள் அவள்தான். நண்பர்களைக் கடிந்துகொண்ட கர்த்தர் அவளை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்பதை யாரும் பிரசங்கித்து நான் கேட்டதில்லை.

உங்கள் மகன் 'அப்பாவை ஏன்?' என்று கேட்டால் 'அம்மாவுக்குத் தெரியாது' என்றே சொல்லுங்கள். அதில் விசுவாசக் குறைவு எதுவும் இல்லை.

இனி யாராவது வந்து, யோபு நண்பர்களுக்காக ஜெபித்த பிறகுதான் ஆசீர்வாதம் திரும்பியது, ஆகவே நீங்களும் அந்த மூப்பருக்காக ஜெபியுங்கள் என்று புத்தி சொல்லலாம். 42-ஆம் அதிகாரத்தை வரிசைப்படி வாசியுங்கள். "என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை" என்று கர்த்தர் முதலில் நண்பர்களிடம் கோபம் கொள்கிறார். ஏழு காளைகளையும் ஏழு ஆட்டுக்கடாக்களையும் கொண்டு அவர்கள் யோபுவிடம் போகவேண்டும் என்று கட்டளையிடுகிறார். அவர்கள் போகிறார்கள். யோபுவின் ஜெபம் அதற்குப் பிறகு வருகிறது. மூப்பர் இன்னும் உங்கள் வாசலுக்கு வரவில்லை. அதற்கு முன்பே உங்களால் அவருக்காக ஜெபிக்க முடிந்தால் ஜெபியுங்கள். முடியாவிட்டால், அந்தக் கடனை உங்கள் மேல் சுமத்த எனக்கோ வேறு யாருக்கோ அதிகாரம் இல்லை.

அன்புடன்.