நார்வேயின் பெர்கன் நகரில் வாங்கும் அயிலை மீன் குழம்பில் உடைந்து போகிறது என்பதற்கு

அரைத்த தேங்காயும் புளியும் நன்றாகக் கொதித்த பிறகே துண்டுகளைப் போடுங்கள், ஏழெட்டு நிமிடத்தில் இறக்கிவிடுங்கள். மீன் கரைந்து எண்ணெய் மிதக்கிறது, நம் குமரிக் கடற்கரைக் குளச்சல் ருசி வரவில்லை என்றீர்களே, அதற்கு முதலில் இதுதான்.

காரணம் பெரும்பாலும் கொழுப்பு. நார்வேயில் கிடைப்பது அட்லாண்டிக் அயிலை, வேறு இனம். கோடை முழுக்கத் தின்று கொழுத்து, இலையுதிர் காலத்தில் அதன் சதையில் கால் பங்கு வரைகூடக் கொழுப்பு இருக்கும். அதற்கு நம்மூர் அளவில் தேங்காய் அரைத்தால் திகட்டத்தான் செய்யும். தேங்காயைப் பாதியாக்குங்கள், நல்லமிளகை (குருமிளகை) கூட்டுங்கள், புளி சற்றுத் தூக்கலாக இருக்கட்டும். கரண்டி போடாமல் சட்டியைப் பிடித்துச் சுழற்றினால் போதும்.

சமைக்கும் முன் சதையை விரலால் அழுத்திப் பாருங்கள். குழி அப்படியே நின்றால் அது குழம்புக்கு ஆகாது. உறைய வைத்து உருகிய மீனாக இருக்கலாம். கெட்ட வாடை இல்லையென்றால் பொரித்துவிடுங்கள்.

ஒன்று மட்டும் கவனம்: அயிலையைக் குளிர்பெட்டிக்கு வெளியே வைத்திருக்காதீர்கள். அதில் உருவாகும் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் கொதிக்க வைத்தாலும் போகாது.

அப்புறம், தக்காளிச் சாறில் போட்ட அயிலை அங்கே டப்பாவில் கிடைக்கும். அந்த ஊர்க்காரர்கள் ரொட்டி மேல் வைத்துச் சாப்பிடுவார்கள். மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) கிடைக்காத நாளில் அவித்த உருளைக்கிழங்கோடு அதைத் தொட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள், உண்மையிலேயே நன்றாக இருக்கும்.