வீட்டு மேல பாண்ட்னு அடமானக் கடன் போட்டு டாக்டர் படிப்பு வேணாம் தங்கச்சி

தங்கச்சி, நேத்து இங்க டர்பன்ல சாட்ஸ்வொர்த்லேர்ந்து வந்து உக்காந்து அழுதீங்க, பையன் பதினொண்ணாவது படிக்கிறான், ராத்திரி பூரா கம்ப்யூட்டரே கதின்னு கிடக்குறான், ஃபீனிக்ஸ்ல இருக்கற பெரியப்பா வேற டாக்டராக்கலன்னா சாதிசனம் என்ன சொல்லும்னு தினம் போன் பண்றாருன்னு. எல்லாம் சரியாயிடும்னு சொல்லி அனுப்பிட்டேன், அப்படி அனுப்பியிருக்கக் கூடாது, அதான் இப்ப எழுதுறேன்.

இங்க சீட் கிடைக்கலன்னா வெளிநாட்டுக்கு அனுப்பு, வீட்டு மேல இன்னொரு பாண்ட் எடுன்னு சொல்றாராமே, வேண்டவே வேண்டாம். வெளிநாட்டுல படிச்சுட்டு வந்தா இங்க டாக்டருங்களைப் பதிவு பண்ற கவுன்சில் வைக்கற பரீட்சை எழுதணும், அப்புறம் ரெண்டு வருஷம் இன்டர்ன், ஒரு வருஷம் அரசாங்க ஆஸ்பத்திரியில கம்யூனிட்டி சர்வீஸ். அதுவரைக்கும் பாண்ட் கட்டப்போறது நீங்களும் உங்க வீட்டுக்காரரும், பெரியப்பா இல்ல. லைஃப் சயன்ஸஸ்ங்கற உயிரியல் புக்கையே அவன் தொறக்கறதில்லன்னு நீங்கதானே சொன்னீங்க?

அவன் நோட்டுல என்கிட்ட ஒண்ணு காட்டினான். 1000க்கு கீழ 3ஆலயோ 5ஆலயோ வகுபடற எண்களையெல்லாம் கூட்டணும். நாலு வரி புரோகிராம்ல 233168னு விடை வந்துடுச்சு, மத்த பசங்க அதோட விட்டுடுவாங்க, இவன் 1000க்கு பதிலா இருபது இலக்க எண் குடுத்தா கம்ப்யூட்டர் முடிக்கவே முடிக்காதேன்னு யோசிச்சு பேப்பர எடுத்துட்டான். மூணோட மடங்கெல்லாம் சேந்து 166833, அஞ்சோடது 99500, ரெண்டு தடவை எண்ணின பதினஞ்சோட மடங்கு 33165, அதை கழின்னு பென்சில்ல போட்டிருக்கான். யாரும் சொல்லித் தரல தங்கச்சி. இது கேம் ஆடுற புள்ள இல்ல, கணக்கு பிடிச்ச புள்ள.

யுகேஇசட்என், டியூடின்னு இங்க இருக்கற யுனிவர்சிட்டிங்களைப் பத்தியெல்லாம் ஊரே சொல்லும், நான் சொல்லல. யூனிசாவை, அதான் யுனிவர்சிட்டி ஆஃப் சவுத் ஆப்பிரிக்காவை, யாரும் சொல்லமாட்டாங்க, தபால் காலேஜுதானேன்னு ஒரு இளக்காரம். 1946லேர்ந்து வீட்லேயே இருந்து படிக்க வைக்கறாங்க, மண்டேலா ஜெயில்ல இருந்தபடியே 1989ல எல்எல்பி முடிச்சது அங்கதான். அங்க கணக்கும் கம்ப்யூட்டர் சயின்ஸும் சேத்து பிஎஸ்சி இருக்கு. மொத்தம் 360 கிரெடிட், மாட்யூல்னா தனித்தனியா எடுக்கற ஒரு பாடம், ஒண்ணுக்கு 12 வீதம் 30 மாட்யூல். ஃபீஸ் மாட்யூல் கணக்குலதான், அந்த வருஷம் எத்தனை எடுக்கறானோ அத்தனைக்கு கட்டினா போதும், கையில இருக்கறதுக்கு தக்கபடி எடுக்கலாம். ஒரு கிரெடிட்டுக்கு சுமார் 10 மணி நேர வேலைன்னு கணக்கு, அப்ப மாட்யூலுக்கு 120 மணி, வாரம் எட்டு மணி உக்காந்தா பதினஞ்சு வாரம். முதல் வருஷத்துலயே தியரட்டிக்கல் கம்ப்யூட்டர் சயின்ஸ்னு ஒரு மாட்யூல் வரும், கணம், உறவு, லாஜிக், நிரூபணம் எல்லாம் அதுல இருக்கு. நெட்ட பாத்து தானா கத்துக்கற பசங்க விடறது இந்த நிரூபணத்தைத்தான், ஏன்னா எழுதினது தப்புன்னு திருத்திக் குடுக்க ஆள் இல்ல. பகல்ல சின்னதா ஒரு டெவலப்பர் வேலை, ராத்திரி படிப்புன்னு போனா டிகிரி கைக்கு வர்றப்ப அனுபவமும் சேந்திருக்கும்.

லேசு இல்ல, ஒத்தையா உக்காந்து படிக்கணும், ஃபெயிலானா அந்த மாட்யூலுக்கு திரும்ப காசு. அதனால முதல் செமஸ்டர்ல மூணுக்கு மேல எடுக்க விடாதீங்க. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 3,50,000 ராண்டுக்கு உள்ள இருந்தா என்எஸ்எஃப்ஏஎஸ்னு அரசாங்கம் தர்ற படிப்பு உதவித்தொகைக்கும் போடுங்க, யூனிசா படிப்புக்கும் அது உண்டு.

இன்னொண்ணு. மேத்ஸ விட்டுட்டு மேத்ஸ் லிட்னு இருக்கற சுலபமான அன்றாடக் கணக்குப் பாடத்துக்கு மாறினா மார்க் ஏறும்னு அத்தை சொன்னாங்களாம்ல, அதுக்கு மட்டும் தலையாட்டவே ஆட்டாதீங்க. மாறினா இந்த பிஎஸ்சி கிடையாது, பெரியப்பா ஆசைப்படற டாக்டர் படிப்பும் கிடையாது.

வர்ற சனிக்கிழமை அவனை கூட்டிட்டு வாங்க, வீட்டுக்காரரும் வரணும். அந்த பென்சில் நோட்ட மறக்காம எடுத்துட்டு வரச்சொல்லுங்க, அவர் அதை இன்னும் பாக்கலன்னு பையன் சொன்னான்.