மொதல்ல சோஃபா, அப்புறம் திரை, கடைசியா ப்ரொஜெக்டர்: ஹோம் தியேட்டர் கேள்வி பதில்

தியேட்டர் ரூம் போடணும்னு யார் வந்து கேட்டாலும் நான் திருப்பிக் கேக்குற மொத கேள்வி "எங்க உக்காந்து பாப்பீங்க"ங்கறதுதான். மாடல் பேரெல்லாம் அதுக்கப்புறம் பேசிக்கலாம். வந்த கேள்விகள்ல ஒரே மாதிரி இருந்ததை சேத்துட்டேன்.

கோயம்புத்தூர்: அண்ணா, மாடில 16க்கு 11 அடி ரூம் காலியா இருக்கு. 120 இன்ச் போடணும்னு ஆசை, ஒத்து வருமா?

தம்பி, சோஃபாவ பின்சுவத்துல ஒட்டிப் போடாதீங்க, பேஸ் (தடதடக்கற கனத்த சத்தம்) எல்லாம் அங்கதான் குமிஞ்சு ஒரே இரைச்சலா இருக்கும், கொஞ்சம் முன்னாடி இழுத்துப் போட்டா உங்க கண்ணுக்கும் திரைக்கும் 11 அடி வரும்னு வச்சுக்கங்க. அதாவது 132 இன்ச். அதை 1.2ஆல வகுத்தா 110, 1.6ஆல வகுத்தா 82. திரையோட மூலைக்கு மூலை அளவு இந்த ரெண்டுக்கும் நடுவுல இருந்தா நல்லது, சினிமாதான் முக்கியம்னா பெரிய பக்கம் போங்க. அதனால உங்களுக்கு 100லேர்ந்து 110.

இன்னொன்னும் பாருங்க. 120 இன்ச் திரைன்னா படம் மட்டுமே கிட்டத்தட்ட 8.7 அடி அகலம், உங்க 11 அடி சுவத்துல ரெண்டு பக்கமும் ஒரு அடி சொச்சம்தான் மிஞ்சும், ஸ்பீக்கரை எங்க வைப்பீங்க? 100 இன்ச்னா 7.3 அடி, தாராளமா இடம் கிடைக்கும். வாங்கறதுக்கு முன்னாடி பழைய நியூஸ்பேப்பரை அந்த அளவுக்கு சுவத்துல ஒட்டி வச்சு நாலு நாள் எதிர்ல உக்காந்து பாருங்க, ஆசை அளவும் தேவை அளவும் தானா தெரிஞ்சுடும்.

மதுரை: திரையை எவ்ளோ உயரத்துல மாட்டணும்? நடுவுல ஃபேன் வேற இருக்கு, ப்ரொஜெக்டர் வெளிச்சத்தை மறைக்காதா?

நிறைய வீட்டுல தப்பு நடக்கறது இங்கதாங்க. என் மொத ரூம்ல தியேட்டர் மாதிரி இருக்கட்டும்னு திரையை மேல தூக்கி மாட்டிட்டு, ரெண்டரை மணி நேரப் படம் முடிஞ்சு எந்திரிச்சா கழுத்து பிடிச்சுக்கும், ஒரு மாசம் பொறுத்துப் பாத்துட்டு ஓட்டையெல்லாம் அடைச்சு மறுபடி கீழ எறக்கினேன். உக்காந்தா கண்ணு தரைலேர்ந்து ஏறக்குறைய மூன்றரை அடில இருக்கும், அது படத்தோட கீழ் மூணுல ஒரு பங்குக்கு நேரா வரணும். 100 இன்ச் படம் 4 அடி உயரம், ஆக அடிப்பக்கம் தரைலேர்ந்து 2 அடி, மேல்பக்கம் 6 அடி. அவ்ளோதான்.

இப்ப ஃபேனுக்கு வருவோம். லென்ஸ் ஷிஃப்ட் (ப்ரொஜெக்டரை அசைக்காம படத்தை மேல கீழ நகத்தற வசதி) இல்லாத ப்ரொஜெக்டர்ல பெரும்பாலும் லென்ஸ் படத்தோட மேல் விளிம்புக்கு நேராவோ கொஞ்சம் மேலயோதான் இருக்கணும். உங்க சீலிங் 10 அடின்னு வச்சுக்கங்க, ப்ரொஜெக்டரை அதுல ஒட்டி மாட்டினா படம் மேல போய் விழும், அப்புறம் கீழ சாச்சு, கோணலாகற படத்தை கீஸ்டோன்ங்கற செட்டிங் போட்டு சரி பண்ணுவாங்க, கீஸ்டோன் போட்டா படத்தை உள்ளுக்குள்ள சுருக்கித்தான் நேராக்குது, கூர்மை போயிடும். ராடு விட்டு ஆறரை அடி உயரத்துக்கு எறக்குங்க, இல்ல சோஃபாவுக்குப் பின்னாடி ஒரு ஷெல்ஃப் அடிங்க. அப்ப வெளிச்சம் ஃபேன் றெக்கைக்குக் கீழயே போயிடும்.

எவ்ளோ தூரத்துல வைக்கணும்ங்கறதுக்கு த்ரோ ரேஷியோவை (பட அகலத்துக்கு எத்தனை மடங்கு தூரம்னு சொல்ற எண்) பட அகலத்தால பெருக்குங்க. 1.2ன்னா 7.3 அடி அகலத்துக்கு 8.7 அடி, 1.5ன்னா 11 அடி. தூரத்தை முடிவு பண்ணிட்டு மாடலைத் தேடுங்க.

சேலம்: ஆன்லைன்ல 9000 லூமென்ஸ், 4கே சப்போர்ட்னு 8000 ரூபாய்க்கு இருக்கு. எடுக்கலாமா ப்ரோ?

வேண்டாம் ப்ரோ. லூமென்ஸ்னா வெளிச்சத்தோட அளவு, அதை ஒரு பொது முறைப்படி அளந்து சொல்ற ஆன்சி லூமென்ஸ் எவ்ளோன்னு தேடுங்க, அது போடலைன்னா அந்த நம்பரை நம்பாதீங்க. 4கே சப்போர்ட்னா 4கே சிக்னலை வாங்கிக்கும்னு மட்டும்தான் அர்த்தம், நேட்டிவ் ரெசல்யூஷன், அதாவது அது நெஜமா காட்டற படத்தோட நுணுக்கம், வெறும் 720 வரியாக்கூட இருக்கும். நெஜக் கணக்கு இதுதான்: 100 இன்ச் திரை ஏறக்குறைய 30 சதுர அடி, இருட்டு ரூம்ல சதுர அடிக்கு 16 லூமென்ஸ் விழுந்தா தியேட்டர் அளவு வெளிச்சம், அதாவது திரைல 480 போதும். ஆனா பெட்டில போட்ட நம்பர் பச்சையடிக்கற பிரைட் மோடுக்கு, கலர் சரியா இருக்கற சினிமா மோடுல நிறைய மாடல்ல பாதிக்கு வந்துடும், லேம்ப் பழசானா இன்னும் குறையும். அதனால 1500லேர்ந்து 2000 ஆன்சி இருந்தா நிம்மதி.

யாழ்ப்பாணம்: அண்ணை, எங்கட அறையில சுவர், சீலிங் எல்லாம் வெள்ளை. கறுப்பு சாம்பலாத்தான் தெரியுது. விலை கூடின ப்ரொஜெக்டர் எடுக்கவோ?

தம்பி, காசை இப்ப வைங்க, பெயின்ட் டப்பாவை எடுங்க. திரைல பட்ட வெளிச்சம் வெள்ளை சீலிங்ல பட்டு மறுபடி திரைக்கே வருது, கறுப்பு வெளுக்கறது அதாலதான். திரைக்குப் பக்கத்துல இருக்கற சீலிங்கையும் ரெண்டு பக்கச் சுவத்தையும் ஒரு 5 அடிக்கு மட்டும் பளபளப்பில்லாத கரும் நிறம் அடிச்சு, ஜன்னலுக்குக் கனமான திரைச்சீலை போடுங்க. நான் அடிச்ச அன்னிக்கு ராத்திரி அதே படத்தைப் போட்டுப் பாத்தேன், புது ப்ரொஜெக்டர் வாங்கின மாதிரி இருந்துச்சு.

திருச்சி: பகல்ல கிரிக்கெட் பாக்கணும், லைட்டை அணைக்க வீட்டுல ஒத்துக்க மாட்டாங்க.

அப்போ டிவி வாங்குங்க சார், மனசறிஞ்சு சொல்றேன்.

தஞ்சாவூர்: செகண்ட்ஹேண்ட்ல ஏஎல்ஆர் ஸ்கிரீன் மலிவா வருது, சீலிங் ப்ரொஜெக்டருக்குப் போடலாமா?

ஏஎல்ஆர்னா ரூம் வெளிச்சத்தைத் தள்ளிட்டு ப்ரொஜெக்டர் வெளிச்சத்தை மட்டும் காட்டற திரை, அதுல எந்த வகைன்னு கேளுங்க. அல்ட்ரா ஷார்ட் த்ரோவுக்குன்னு (திரைக்குக் கிட்டக்க கீழ வைக்கற ப்ரொஜெக்டர்) செஞ்சதா இருந்தா அது கீழேருந்து வர்ற வெளிச்சத்தை மட்டும் உங்க பக்கம் அனுப்பும், மேலேருந்து வர்றதை விழுங்கிடும். உங்க ப்ரொஜெக்டரே மேலதான இருக்கு, படம் மங்கிப்போயிடும். இருட்டு ரூமுக்கு சாதா வெள்ளை ஃபிக்ஸட் ஃப்ரேம் திரையே அருமை.

சென்னை: கரன்ட் அடிக்கடி போகுது, லேம்ப் கெடுமா? வீடு இப்பதான் கட்டறோம், வேற என்ன கவனிக்கணும்?

லேம்ப் மாடல்னா அணைச்சப்புறமும் ஃபேன் கொஞ்ச நேரம் ஓடி சூடு ஆறணும், பட்டுன்னு கரன்ட் போனா அது நடக்காது, லேம்ப் ஆயுசு குறையும். சின்ன யுபிஎஸ் ஒன்னு வைங்க, ஒழுங்கா அணைக்க 5 நிமிஷம் கிடைச்சாப் போதும். லேசர்னா இந்தக் கவலை கம்மி. வீடு கட்டும்போதே ப்ரொஜெக்டர் வர்ற இடத்துலேர்ந்து ஆம்ப்ளிஃபயர் வரைக்கும் ஒன்றரை இன்ச் பைப் போட்டுடுங்க, ஹெச்டிஎம்ஐ தலை சாதா வயரிங் பைப்புக்குள்ள நுழையாது, எலக்ட்ரீஷியன் போதும்பாரு, விடாதீங்க. வளைவைக் கூர்மையா வைக்காம, உள்ள ஒரு நைலான் கயிறும் விட்டு வைங்க, பத்து மீட்டர் தாண்டினா ஃபைபர் கேபிள்தான் இழுக்கணும், அதை நாளைக்கு மாத்தவும் அந்தக் கயிறுதான் உதவும்.